அப்பாவைப் பற்றி நாலு வரி எழுத வரவில்லை

வாசகி கடிதம்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு வணக்கம்.

எனக்கு 38 வயது. சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. கணவர், மூன்றாவது படிக்கும் மகன். பிறந்த ஊர் காரைக்குடி பக்கம். என் அப்பா மரவேலை செய்தவர். போன ஆவணியில், 67 வயதில், தூக்கத்திலேயே மாரடைப்பு வந்து போய்விட்டார். வருகிற ஆவணியில் தலைத்திவசம். அன்றைக்குச் சின்னதாக ஒரு நினைவு மலர் அச்சடிக்கலாம் என்று பெரியப்பா சொன்னார். அதில் அப்பாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதும் பொறுப்பு எனக்கு. "நீதானே படிச்சவ, நீயே எழுது" என்றார் அம்மா.

இரண்டு மாதமாக உட்காருகிறேன். நாலு வரி வரவில்லை. இதற்கெல்லாமா ஆலோசகருக்குக் கடிதம் போடுவது என்று முதலில் தயங்கினேன். ஆனால் எழுத வராததற்குப் பின்னால் வேறு என்னென்னவோ இருக்கிறது என்று இப்போது தெரிகிறது.

பெரியப்பா ஒரு மாதிரி எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். "தொழில் மேதை, கொடை உள்ளம் கொண்டவர், குடும்பத்தைத் தாங்கிய ஆலமரம்" என்று. அவர் அன்பில் எழுதியதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் படித்தால் யாரோ ஒரு பெரிய மனிதருக்கு ஒட்டிய போஸ்டர் மாதிரி இருக்கிறது. அதில் அப்பா இல்லை.

அப்பா அதிகம் பேசமாட்டார். 13 வயதில் தாய்மாமாவோடு தொழிலுக்குப் போனவர். முதல் இரண்டு வருடம் உளியையே கையில் கொடுக்கவில்லையாம். சாணைக்கல்லில் தீட்டுவது, சீவல் கூட்டுவது, டீ வாங்கி வருவது, அவ்வளவுதான். இதுகூட அம்மா சொல்லித்தான் தெரியும். எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்ட காலத்தில் அப்பாவுக்குக் கை நிறைய வேலை. தூண், உத்தரம், நிலை எல்லாம் பர்மா தேக்கு. அந்த மரத்தை விலைக்கு வாங்கி வருகிறவர்கள் அப்பாவிடம் கொடுத்து, புது வீட்டுக்கு நிலையும் கதவுமாக மாற்றிக்கொள்வார்கள். எண்பது, தொண்ணூறு வருடத்து மரம். இழைப்புளி போட்டால் மேலே உள்ள கறுப்பு போய், உள்ளே தேன் நிறத்தில் புதிதாக இருக்கும். ஒரு வாசனை வரும். பட்டறையில், அப்பாவின் சட்டையில், அவர் தொட்டுக் கொடுத்த தீனிப் பொட்டலத்தில்கூட அந்த வாசனைதான்.

பழைய மரத்தில் ஆணி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியாது. தெரியாமல் இழைத்தால் தகட்டில் பல் விழுந்துவிடும். அதற்காக அப்பா, உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றை நூலில் கட்டி, மரத்துக்கு மேலே மெதுவாகக் கொண்டு போவார். எங்கேயாவது லேசாக இழுத்தால் அங்கே பென்சிலால் ஒரு வட்டம். மரம் முழுக்க வட்டம் போட்டு முடித்த பிறகுதான் குறடு எடுப்பார். பிடுங்கிய ஆணியையும் வீசமாட்டார். ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைப்பார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் போய் உட்காரும் இடம் அந்தப் பட்டறைதான். காந்தம் பிடிப்பது என் வேலை. எனக்கு ஷார்ப்னர் வாங்கிக் கொடுத்ததே கிடையாது. உளியால் ஆறே இழுப்பில் பென்சிலைச் சீவித் தருவார். ஆறு பக்கமும் ஒரே சரிவு. "யாரு சீவினா?" என்று டீச்சர் வாங்கிப் பார்த்துவிட்டுக் கொடுப்பார்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். இரண்டு மாதம் அம்மா எழுந்து வேலை செய்யக் கூடாது. அந்த இரண்டு மாதமும் சமைத்தது அப்பா. எனக்கு இரட்டைச் சடை பின்னிவிட்டதும் அப்பாதான். சடை கொஞ்சம் தளர்வாக இருக்கும். வகிடு மட்டும் நூல் பிடித்தது போல நேராக இருக்கும்.

அப்பா எழுதியது என்று இருப்பது பட்டறை நோட்டு மட்டும்தான். "நிலை 7க்கு 3½" என்று அளவு. அதற்குக் கீழே "பாப்பா டேர்ம் பீஸ் 1,850". அதற்குக் கீழே "கீல் 6 ஜோடி". புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டேன், ஒரு முழு வாக்கியம் கிடையாது. இதை வைத்துக்கொண்டு என்ன எழுதுவது?

தம்பி விஷயத்தில் மட்டும் அப்பா கடுமை. அவன் எட்டாவது படிக்கும்போது ஒருநாள் டியூஷனுக்குப் போகாமல் பட்டறையில் நின்று இழைப்புளி பிடித்துக்கொண்டிருந்தான். வெளியே போயிருந்த அப்பா திரும்பி வந்து பார்த்தார். கீழே கிடந்த ரீப்பர் கட்டையை எடுத்து முதுகில் இரண்டு அடி. "இனிமே இந்த வாசப்படிய மிதிச்சே, கால ஒடிச்சுருவேன்." அதற்கப்புறம் அவன் பட்டறைக்குள் போய் நான் பார்த்ததில்லை. டிப்ளமோ முடித்து, இப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கிறான்.

சரி, என்னை அரிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். 2014-ல் எனக்குக் கல்யாணம். கட்டில் தன் கையால் செய்து தருவதாக அப்பா சொன்னார். "நல்ல மரம் ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன்த்தா. மூணு மாசம் குடு." நான் வேண்டாம் என்றேன். சென்னை ஃப்ளாட்டில் படிக்கட்டு குறுகல், தேக்குக் கட்டிலை மேலே ஏற்ற முடியாது என்று சொன்னேன். அது உண்மைதான். ஆனால் புகுந்த வீட்டார் முன்னால் ஷோரூம் கட்டில் இருந்தால் கௌரவமாக இருக்கும் என்ற நினைப்பும் எனக்கு இருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அப்பா முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது அந்தக் கட்டிலில் உட்காரவில்லை. தலைமாட்டுப் பலகையின் அடி ஓரத்தில் கட்டைவிரலை வைத்து ஒரு தடவை இழுத்தார். "நல்லாருக்குத்தா" என்றார். இரண்டு வருடத்தில் கட்டில் ஆட ஆரம்பித்தது. நான் சொல்லவில்லை, அடுத்த தடவை வந்தபோது அவரே கவனித்துவிட்டார். தரையில் மல்லாந்து படுத்து, கட்டிலுக்கு அடியில் நகர்ந்து போய், என்னவோ செய்தார். கால் மட்டும் வெளியே தெரிந்தது. அதற்கப்புறம் கட்டில் ஆடவில்லை. இன்றைக்கும் அதில்தான் படுக்கிறேன். பதினோரு மாதமாகச் சரியான தூக்கம் இல்லை. விடியற்காலை நாலு மணிக்கு விழிப்பு வந்தால் அந்த "நல்லாருக்குத்தா" காதில் விழும்.

இதற்கிடையில் தம்பியோடு சண்டை. பட்டறை வாடகை இடம், மாதம் 3,500 ரூபாய். அப்பா போனதிலிருந்து பூட்டிக் கிடக்கிறது. வருடா வருடம் ஆயுத பூசைக்குச் சாமான் அத்தனையையும் கழுவி வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பார் அப்பா. போன வருடம் தீட்டு வருடம் என்று யாரும் திறக்கவில்லை. தம்பி வாடகையைக் கட்டிக்கொண்டிருக்கிறான். வைகாசியில் போன் செய்து, சாமானைக் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டு இடத்தைக் காலி செய்யலாம் என்றான். எனக்கு வந்ததே ஆத்திரம். "அப்பா சாமானை எடைக்குப் போடப் பாக்குறியா" என்று கத்திவிட்டேன். அவன் நிதானமாக, "நீ வருஷத்துக்கு ரெண்டு தடவ வந்து பாத்துட்டுப் போனவ" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான். அதிலிருந்து பேச்சு இல்லை.

போன மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு பழைய வீட்டை இடித்து மரத்தை வெளியே போட்டிருந்தார்கள். யாரோ அறுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை மூக்கில் பட்டதும் என் கால் நகரவில்லை. பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே நின்றேன். அழுகை மட்டும் வரவில்லை. அப்பா இறந்த அன்றும் நான் அழவில்லை. அத்தை ஒப்பாரி வைத்தபோது ஃப்ரீசர் பெட்டிக்கும் சான்றிதழுக்கும் அலைந்துகொண்டிருந்தேன். துக்கத்துக்கு ஐந்து நிலைகள் உண்டு, கடைசியில் மனம் ஏற்றுக்கொள்ளும் என்று எங்கோ படித்தேன். நான் எந்த நிலையிலும் இல்லை. எனக்கு ஏதாவது கோளாறா? கட்டிலை நினைத்து வரும் குற்ற உணர்ச்சி எப்படிப் போகும்? அந்த ஒரு பக்கத்தை எப்படி எழுதுவது? தம்பி ஏன் இப்படி இருக்கிறான்?

பெயர் வேண்டாம்,
சென்னை.

ஆலோசகர் பதில்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் அப்பா கட்டிலுக்கு அடியில் படுத்திருக்க, கால் மட்டும் வெளியே தெரிகிற அந்தக் காட்சி, கடிதத்தை மடித்து வைத்த பிறகும் என்னை விடவில்லை. நான் அவரைப் பார்த்ததில்லை. ஆனாலும் பழகிய ஒருவர் போய்விட்டது போல இருக்கிறது. உங்கள் குடும்பத்துக்கு என் வருத்தங்கள்.

நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்லப் போவதில்லை. கடைசியாகக் கேட்ட தம்பியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற முடிச்செல்லாம் அங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

பட்டறை ஒன்றுதான். உங்களுக்கு அது காந்தம் பிடித்த இடம். தம்பிக்கு முதுகில் ரீப்பர் விழுந்த இடம். உங்களை ஏன் உள்ளே விட்டார், அவரை ஏன் விரட்டினார் என்று யோசித்திருக்கிறீர்களா? பெண் பிள்ளை இந்தத் தொழிலுக்கு வந்துவிடுவாள் என்ற பயம் அப்பாவுக்கு இருந்திருக்காது. பையன் வந்துவிடுவானோ என்ற பயம் இருந்திருக்கலாம். கைத்தொழில் செய்கிற வீடுகளில் இதை நிறையப் பார்க்கிறேன். தறி நெய்கிறவர், கொல்லுப்பட்டறை வைத்திருப்பவர், தையல்காரர் என்று யாராக இருந்தாலும், தொழில் மேல் உயிரை வைத்திருப்பார்கள். பிள்ளை அதில் கை வைத்தால் மட்டும் பொறுக்கமாட்டார்கள். வேலையில்லாத மழைக்காலம், முழுதாக வந்து சேராத கூலி, வயதுக்கு மரியாதை தராமல் வாசலில் நிறுத்திப் பேசிய வீடுகள் எல்லாம் அவர்களுக்கு மறக்காது.

உங்கள் கடிதத்தில் இரண்டு இடத்தில் வருகிற ஒரு கணக்கைக் கவனியுங்கள். அப்பா தொழிலுக்குப் போனபோது வயது 13. எட்டாவது படிக்கிற பையனுக்கும் ஏறக்குறைய அதே வயது. அன்று இழைப்புளியோடு நின்றுகொண்டிருந்த பையனிடம் அப்பா யாரைப் பார்த்தாரோ! அதற்காக அடித்தது சரி என்று நான் பூசி மெழுகப் போவதில்லை. அடி தவறுதான். அந்த அடிக்கு என்ன காரணம் என்று அப்பா பிற்பாடும் சொல்லவில்லை, தம்பியும் கேட்கவில்லை. இனிமேல் கேட்கவும் வழியில்லை. வாசப்படியை மிதிக்காதே என்று சொல்லப்பட்ட இடத்துக்கு மாதாமாதம் 3,500 ரூபாய் வாடகை கட்டிக்கொண்டிருக்கிறார் உங்கள் தம்பி. அதைக் காலி செய்ய அவர் அவசரப்படுவது மனசில்லாததால் என்று எனக்குத் தோன்றவில்லை.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷுட் என்ற இருவர் 1999-ல் துக்கத்தைப் பற்றி ஒன்று சொன்னார்கள். எங்கள் தொழிலில் அன்றாடம் கைகொடுக்கிற கருத்து அது. ஒருவரைப் பறிகொடுத்தவர் ஒரு பக்கம் இழப்பை நினைத்து உருகுகிறார், இன்னொரு பக்கம் வாடகை, பத்திரம், வங்கிக் கணக்கு என்று ஆக வேண்டிய காரியங்களைப் பார்க்கிறார். இரண்டுக்கும் நடுவே போய்ப் போய் வருவதுதான் துக்கம் ஆறுகிற வழி. ஒரே பக்கத்தில் நின்றுவிட்டால்தான் சிக்கல். ஒரு வீட்டில் இரண்டு பேர் இருந்தால் பல சமயம் ஆளுக்கொரு பக்கத்தில் நின்றுகொண்டு, மற்றவருக்குத் துக்கமே இல்லை என்று நினைத்துக்கொள்வார்கள். இழவு வீட்டில் அலைந்தது நீங்கள், அன்று உங்களை யாராவது கல்நெஞ்சுக்காரி என்று நினைத்திருக்கலாம். இப்போது காரியம் பார்ப்பது தம்பி.

அவர் சொன்ன "வருஷத்துக்கு ரெண்டு தடவ" சுட்டிருக்கும். அது உண்மையா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். உண்மை என்றால் ஒப்புக்கொண்டுவிடுங்கள். "ஆமாடா, நான் வரல, உனக்குத்தான் எல்லாப் பாரமும்" என்ற ஒரு வார்த்தைக்காக அவர் காத்திருக்கலாம். பேசும்போது சாமானைப் பற்றி எடுக்காதீர்கள். ஒன்றே ஒன்று கேளுங்கள்: "அன்னைக்கு டியூஷனுக்குப் போகாம பட்டறையில நின்னியே, என்ன செய்யப் பாத்தே?" அந்தப் பையன் ஏதோ ஒன்று செய்ய நினைத்துத்தான் இழைப்புளியை எடுத்திருப்பான். மட்டையா, ஸ்டூலா, பட்டம் சுற்றும் கட்டையா? இதுவரை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அவர் பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. நீங்கள் கேட்டது அவர் மனதில் நிற்கும்.

இனி கட்டில். புகுந்த வீட்டார் முன்னால் கௌரவமாக இருக்கும் என்று நினைத்ததை முதன்முதலாக எனக்கு எழுதியிருக்கிறீர்கள். 27 வயதில், புது வீட்டுக்குப் போகிற பெண்ணுக்கு அந்த நினைப்பு வரத்தான் செய்யும். அன்று நீங்கள் அப்பாவைச் சிறுமைப்படுத்த அப்படிச் செய்யவில்லை. பத்து வருடத்தில் அவர் போய்விடுவார் என்று தெரிந்தா சொன்னீர்கள்? இன்று தெரிந்ததைக் கொண்டு போய் அன்றைய உங்களுக்குத் தீர்ப்பு எழுதுகிறீர்கள். குற்ற உணர்ச்சி என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் இந்தக் கோளாறுதான். செய்திருக்கலாமே என்ற ஆதங்கம் வேறு, குற்றம் வேறு. ஆதங்கம் உங்களோடு இருக்கும், அதைப் போக்க நான் வழி சொல்லப் போவதில்லை. மூன்று மாதம் உங்களுக்காக ஒரு மரத்தை இழைக்கும் சந்தோஷம் அவருக்குக் கிடைக்கவில்லை என்பது உண்மையான இழப்புதான். அதற்கு வருந்துங்கள். தண்டனை மட்டும் வேண்டாம்.

"நல்லாருக்குத்தா" என்ற வார்த்தையை நாலு மணிக்குக் கேட்கிறீர்கள். அதில் அவர் மனம் நொந்தாரா என்று தேடுகிறீர்கள். கொஞ்சம் நொந்திருக்கலாம், கை வேலைக்காரர் அல்லவா? விரலை வைத்த உடனேயே அந்தப் பலகை என்ன பலகை, எத்தனை வருடம் தாங்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் உங்கள் முகத்தைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னார். பிறகு ஆடியபோது, நான் அப்பவே சொன்னேனே என்று சொல்லவில்லை. அடியில் போய்ச் சரிசெய்துவிட்டு வந்தார். அவர் அங்கே என்ன செய்தார் என்று இத்தனை வருடத்தில் நீங்கள் பார்க்கவில்லை போலிருக்கிறது. இன்று இரவு ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு நீங்களும் மல்லாந்து படுத்துப் பாருங்கள். ஓர் ஆப்பு இருக்கலாம், ஒரு குறுக்குக் கட்டை இருக்கலாம். பென்சில் குறிகூட இருக்கலாம். கடை சாமானில் உங்கள் அப்பாவின் கைவேலை அது. உங்கள் மகனையும் பக்கத்தில் படுக்கச் சொல்லுங்கள்.

உங்களுக்குக் கோளாறு இல்லை என்றே நினைக்கிறேன். அந்த ஐந்து நிலைகளை மனநல மருத்துவர் எலிசபெத் குப்ளர்-ராஸ் 1969-ல் சொன்னது, சாவை எதிர்பார்த்திருந்த நோயாளிகளோடு பேசிப் பார்த்து. பறிகொடுத்தவர்கள் வரிசையாக ஏறிப் போக வேண்டிய படிக்கட்டாகப் பிற்காலத்தில்தான் அதை ஆக்கிவிட்டார்கள். எந்தப் படியிலும் இல்லையே என்று நீங்கள் பயப்பட வேண்டாம், அப்படி ஒரு படிக்கட்டே கிடையாது. அழுகை வராததும் குறையல்ல. மரவாசனையில் கால் நின்றுபோனதற்குக் காரணம் இருக்கிறது. பார்ப்பதும் கேட்பதும் மூளைக்குள் ஒரு நடுநிலையத்தில் இறங்கி ஏறித்தான் போகும். வாசனை அப்படிச் சுற்றாமல் உணர்ச்சியும் நினைவும் இருக்கிற பகுதிகளுக்கு நேராகப் போய்விடும். அதனால்தான் யோசிப்பதற்கு முன்பே பட்டறைக்குள் போய் நின்றுவிட்டீர்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பதினோரு மாதமாகத் தூக்கம் சரியில்லை என்பதை லேசாக விடாதீர்கள். ஒரு மருத்துவரைப் பாருங்கள். நீண்டுபோன துக்கம் என்று மருத்துவத்தில் ஒன்று உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் அதற்குக் குறைந்தது 6 மாதம் என்றும், அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2022-ஆம் ஆண்டுக் கையேடு பெரியவர்களுக்கு 12 மாதம் என்றும் காலம் வைத்திருக்கிறது. காலத்தை மட்டும் வைத்து அதைச் சொல்லிவிட மாட்டார்கள். ஏக்கம் நாள் முழுக்க ஆளை விடாமல் பிடித்து, வேலை, வீடு, பிள்ளை எதிலும் ஒட்டாமல் போக வேண்டும். உங்கள் கடிதத்தில் அது தெரியவில்லை. ஆனால் வாழ்ந்து என்ன பயன் என்ற நினைப்பு தலைகாட்டினால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை அது. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

இப்போது அந்த ஒரு பக்கம். இறந்தவரை நினைத்துப் பாடுகிற துறைக்குத் தமிழில் கையறுநிலை என்று பெயர். செய்வதறியாமல் கை ஓய்ந்து நிற்கிற நிலை. உங்களுக்கு நாலு வரி வராததும் அதுதான், எழுதத் தெரியாததால் அல்ல. பெரியப்பாவின் வரிகளையும் ஒதுக்கிவிடாதீர்கள். அவர் தம்பியைப் பறிகொடுத்தவர். உடன்பிறந்தவனை ஆலமரம் என்று சொல்லத்தான் அவருக்குத் தெரிகிறது, அது அவர் பெயரில் அவர் பக்கத்தில் வரட்டும். உங்கள் பக்கத்துக்கு நீங்கள் அத்தையிடம் போங்கள். நீங்கள் சான்றிதழுக்கு அலைந்த அந்த நேரத்தில் அவர் என்ன சொல்லி அழுதார் என்று கேளுங்கள். ஒப்பாரியில் அடைமொழி வந்தாலும், அதோடு சின்ன வயதில் எந்தக் குளத்தில் குளித்தான், யார் கல்யாணத்துக்கு எதை விற்றுச் சீர் செய்தான், எந்தச் சட்டையைக் கிழியும்வரை போட்டான் என்பதெல்லாம் வந்துவிடும். உங்களுக்குத் தெரியாத அப்பா அந்தப் பாட்டில் இருப்பார். அத்தை திரும்பச் சொல்லும்போது உங்களுக்கு அழுகை வந்தால் வரட்டும், தடுக்காதீர்கள்.

அப்புறம் அந்த நோட்டு. வாக்கியம் இல்லை என்று வருத்தப்பட்டீர்கள். நிலையின் அளவுக்கும் கீல் கணக்குக்கும் நடுவில் உங்கள் டேர்ம் பீஸை எழுதி வைத்திருக்கிறார். அதற்கென்று அவரிடம் தனி நோட்டு இல்லை. அந்தப் பக்கத்தை அப்படியே படம் எடுத்து நினைவு மலரில் போடுங்கள், கீழே விளக்கம் எழுத வேண்டாம். ஊருக்குப் போகும்போது அம்மாவை அழைத்துக்கொண்டு, அப்பா செய்த கதவு இருக்கிற இரண்டு மூன்று வீடுகளுக்குப் போய் வாருங்கள். நிலை வைத்த அன்று அவருக்கு வேட்டி துண்டு கொடுத்து மரியாதை செய்தவர்கள் இன்னும் அந்த வீடுகளில் இருப்பார்கள். அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். அம்மா என்ன நினைக்கிறார் என்று உங்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லை. சாமான்களைப் பற்றி நீங்களும் தம்பியும் சண்டை போடுகிறீர்கள், அம்மாவைக் கேட்டீர்களா? போகிற வழியில் அதையும் கேட்டுவிடுங்கள்.

எழுதும்போது காந்தம், பென்சில், வகிடு மூன்றையும் எனக்கு எழுதியபடியே எழுதுங்கள். நேராக வகிடு எடுத்துவிட்டுச் சடையைத் தளர்வாகப் பின்னுகிற மனிதரை எந்தப் போஸ்டரிலும் பார்க்க முடியாது. ரீப்பரை எழுத வேண்டுமா என்று தம்பியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அது அவருடைய நினைவு, வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் அவர் சொல்வதே முடிவு.

பட்டறையைக் காலி செய்யத்தான் வேண்டும். யாரும் வேலை செய்யாத இடத்துக்குக் காலம் முழுக்க வாடகை கட்ட முடியாது, அப்பாவே அதை ஒத்துக்கொள்ளமாட்டார். சாமான்களும் கிடந்தால் துருப்பிடிக்கும். தொழிலுக்குப் புதிதாக வருகிற ஒரு பையனுக்கு உளிகளைக் கொடுக்கலாம். நீங்கள் அந்தக் காந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தம்பிக்கு எது வேண்டும் என்று உங்களுக்கு முன்னால் அவரைக் கேளுங்கள், இழைப்புளியை அவர் எடுத்தாலும் எடுக்கலாம். ஆனால் திவசத்தோடு எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஆவணி போனால் புரட்டாசியில் ஆயுத பூசை. அதுவரைக்கும் உள்ள வாடகையில் பாதியை நீங்கள் கட்டுங்கள். தீட்டு வருடமும் முடிந்திருக்கும். கடைசியாக ஒரு தடவை சாமான் அத்தனையையும் கழுவிச் சந்தனம் வைத்துவிட்டு, அடுத்த வாரம் கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுங்கள்.

பட்டறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. வாடகை கட்டுகிற தம்பியிடம்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அன்றைக்குக் கதவை அவரே திறக்கட்டும்.